கப்பல் சாகசக் கதைகளில் கறுப்பினத்தவர் மூட்டை தூக்க மட்டும்தானா? ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு எதை வாசிப்பது?

காசிமேட்டு வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட, கறுப்பின மனிதர்கள் முன்னால் நின்று நடத்தும் வரலாற்றுச் சாகசக் கதைகள் வேண்டும். தமிழில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உண்மையில் நடந்த சம்பவமாகவாவது சொல்லுங்கள், கதையாக நான் சொல்லிக்கொள்கிறேன்.

சனி, ஞாயிறு சாயங்காலங்களில் காசிமேட்டில் ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகளை உட்காரவைத்துப் புத்தகம் வாசிக்கிறோம். மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற அம்மாக்கள், இவர்களுடைய பிள்ளைகள். கடல் கதை என்றால் அசையாமல் உட்காருவார்கள். கதையில் தப்பு இருந்தால் பிடித்தும் விடுவார்கள். "காத்து இப்படி அடிக்கும்போது எதுக்குக்கா பாயை விரிக்கிறான்?" என்று ஒரு பையன் கேட்டதற்கு அந்த மொழிபெயர்ப்பில் பதிலே இல்லை. தடைக்காலத்தில் அப்பாக்களும் மாடிக்கு வந்துவிடுவார்கள். கையில் வலையை வைத்துப் பின்னிக்கொண்டே கேட்பார்கள்.

சமீபத்தில் ஒரு பழைய சுருக்கப் பதிப்பை எடுத்தோம். ஆப்பிரிக்காவுக்குள்ளே புதையல் தேடிப் போகிற கதை. பெயர் சொல்லப்போவதில்லை, அந்த மாதிரி நிறைய இருக்கிறது. நடுப்பக்கத்தில் ஒரு கோட்டோவியம். முன்னால் தொப்பியும் துப்பாக்கியுமாக மூன்று வெள்ளைக்காரர்கள். பின்னால் தலையில் பெட்டி சுமந்து வரிசையாக வரும் ஆட்கள். முன்னால் நிற்பவர்களின் மீசை முடியைக்கூட ஒவ்வொன்றாக இழுத்திருக்கிறார் ஓவியர். பின்னால் வருபவர்களுக்கு முகமே கிடையாது, மையை அப்பிவிட்டிருக்கிறார். கதையில் நாய்க்குப் பெயர் உண்டு. பெட்டி தூக்குகிறவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆற்றைக் கடக்கும்போது அவர்களில் ஒருவரை முதலை இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்த வரியில் எல்லோரும் கரையேறி டீ போடுகிறார்கள். எட்டாவது படிக்கிற ஒரு பெண் என்னை நிறுத்தி, "செத்தவர் பேர் என்னக்கா?" என்று கேட்டாள். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

அதிலிருந்து எல்லாப் புத்தகத்திலும் இதையேதான் பார்க்கிறேன். ராபின்சன் குரூசோவை நாம் எல்லோரும் சின்ன வயதில் படித்திருப்போம். 1719-ல் வந்த மூல நாவலில், குரூசோ கப்பலேறியதே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைப் பிடித்து பிரேசிலுக்குக் கொண்டுவரத்தான். அந்தப் பயணத்தில்தான் கப்பல் உடைகிறது. அதற்கு முன்னால், தன்னோடு உயிரைப் பணயம் வைத்துத் தப்பி வந்த சூரி என்கிற பையனை அறுபது வெள்ளிக் காசுக்கு ஒரு போர்ச்சுகீசியக் கேப்டனிடம் கொடுத்துவிடுகிறான். நான் பார்த்த பிள்ளைகள் பதிப்புகளில் இந்த இரண்டும் இல்லை. தீவும் கிளியும் குடையும் மட்டும் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகள் நிறத்துக்காகப் பேச்சு வாங்குகிறவர்கள். வடசென்னை என்றால் திரையில் கத்தியோடு ஓடுகிறவன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு கூட்டத்தை எப்போதும் பின்வரிசையிலேயே நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். சங்கிலி, சவுக்கு, அழுகை, இது மட்டும் உள்ள கதைகள் வேண்டாம். அடிமை முறை பற்றி அவர்களிடம் மறைக்கப்போவதில்லை, அது தெரியத்தான் வேண்டும். ஆனால் சாகசக் கதை கேட்க வந்த பிள்ளைக்கு வரைபடம் வேண்டும், கோட்டை வேண்டும், இருட்டில் தப்பிக்கிற இடம் வேண்டும். அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு, கண்ணீர் மட்டும் கறுப்பினத்தவருக்கு என்று பங்கு பிரிப்பதும் அநியாயம்தான்.


மூர் மார்க்கெட் பழைய வாசகன்:

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் ராயபுரத்துக்காரன், வயது அறுபதைத் தொடப்போகிறது. என் தலைமுறைக்கு ஆப்பிரிக்கா என்றால் காமிக்ஸ்தான். மந்திரவாதி மாண்ட்ரேக்கும் அவர் கூட்டாளி, ஆப்பிரிக்கரான லொதாரும் தெரியாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. லொதார் ஒரு ராஜ்ஜியத்தின் இளவரசன் என்று கதையில் வரும். ஆனால் 1934-ல் அந்தத் தொடர் தொடங்கியபோது புலித்தோலும் குல்லாயும் மாட்டி, அரைகுறை ஆங்கிலம் பேசுகிற வேலையாளாகத்தான் அவரை வைத்திருந்தார்கள். 1965-ல் வேறு ஓவியர் கைக்கு வந்த பிறகுதான் ஒழுங்கான சட்டையும் ஒழுங்கான பேச்சும் கிடைத்தது. முப்பது வருஷம்! முகமூடி வீரர் மாயாவி கதையிலும் இருபத்தொரு தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்தான் காட்டைக் காப்பாற்றும், காட்டுக்காரர்கள் குகை வாசலில் காவல் நிற்பார்கள். பிற்பாடு அந்த நாட்டுக்கு டாக்டர் லுவாகா என்று ஒரு கறுப்பின ஜனாதிபதி வந்தார். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கறுப்பு நாயகன் என்று ஒருவரைச் சுவரில் மாட்டினோம் என்றால் அது முகமது அலிதான். 1980-ல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக் குத்துச்சண்டை போட்டார். அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார். வடசென்னையில் குத்துச்சண்டை பழகிய வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கும். புத்தகத்தில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லையே என்பது என் நெடுநாள் குறை.

ஆனால் ஒரு விஷயத்தைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். உலகத்தில் அதிகம் பேர் படித்த வாள்சண்டைக் கதைகளை எழுதியவரே ஆப்பிரிக்க வம்சாவளி. அலெக்சாண்டர் டூமா. அவருடைய பாட்டி மாரி செசெத், இன்று ஹைட்டி என்கிற செயின்ட் டொமிங்கோவில் அடிமையாக இருந்தவர். அந்த அம்மாவுக்கும் ஒரு பிரெஞ்சுப் பிரபுவுக்கும் 1762-ல் பிறந்தவர் டூமாவின் அப்பா தாமஸ் அலெக்சாண்டர். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, புரட்சிக் காலத்தில் ஜெனரல் ஆனார். ஆல்ப்ஸ் மலைப் படைக்குத் தலைமை தாங்கினார், நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார். திரும்பி வரும்போது கப்பல் தாங்காமல் இத்தாலிக் கரையில் ஒதுங்க, அங்கே பிடித்து இரண்டு வருஷம் சிறையில் வைத்துவிட்டார்கள். வெளியே வந்தபோது உடம்பு கெட்டுப்போயிருந்தது. மகனுக்கு நாலு வயதுகூட ஆகாதபோது போய்விட்டார்.

அந்த மகன் வளர்ந்து, செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்து தப்பிக்கிற ஒருவனைப் பற்றி எழுதினார், 'மான்டி கிறிஸ்டோ' நாவல். அந்தக் கதையைப் படித்தவர்களுக்கு எங்கிருந்து அது வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்பே, 1843-ல், மொரீஷியஸ் தீவில் நடக்கிற 'ஜார்ஜ்' என்கிற நாவலையும் எழுதினார். கலப்பினத்தில் பிறந்த ஒருவன்தான் நாயகன், அடிமைகளின் கிளர்ச்சியும் வருகிறது. நம் சனங்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன தீவு. அதை யாராவது பிள்ளைகளுக்கு ஏற்றபடி தமிழில் சுருக்கிக் கொடுத்தால் நான் பத்துப் பிரதி வாங்கி உங்கள் மாடிக்கே கொண்டுவந்து தருகிறேன்.


தண்டையார்பேட்டை வாத்தியார்:

அம்மா, நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறவன். உங்களுக்கு முதலில் ஒரு பெயர் தருகிறேன்: ராபர்ட் ஸ்மால்ஸ். உங்கள் பிள்ளைகளுக்கென்றே நடந்தது போன்ற சம்பவம்.

1862. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தெற்கே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளாண்டர்' என்று ஒரு நீராவிக் கப்பல், அடிமை முறையைக் காப்பாற்றச் சண்டை போடும் தரப்புக்குச் சொந்தம். அதில் சுக்கான் பிடிப்பவர் ஸ்மால்ஸ். வயது இருபத்துமூன்று, அடிமை. துறைமுகத்தின் ஒவ்வொரு மணல்திட்டும் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்த வேலைக்குரிய பட்டத்தை ஒரு கறுப்பினத்தவருக்குக் கொடுக்க மாட்டார்கள். மே 13, விடியாத நேரம். கேப்டனும் மற்ற இரண்டு அதிகாரிகளும் கரையில் தங்கிவிட்டார்கள். ஸ்மால்ஸும் கூட இருந்த கறுப்பின மாலுமிகளும் கொதிகலனைப் பற்றவைத்துக் கப்பலை எடுத்தார்கள். நேராக ஓடவில்லை. இன்னொரு துறைக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார்கள். அதற்கே எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் பாருங்கள்.

இனிமேல்தான் கதை. கடலுக்குப் போகிற வழியில் வரிசையாகக் கோட்டைகள், ஒவ்வொன்றிலும் பீரங்கி. ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, கேப்டன் எப்படி நிற்பாரோ அதே மாதிரி கையைக் கட்டி நின்றார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் எந்தச் சங்கு எத்தனை தடவை ஊத வேண்டுமோ அப்படியே ஊதினார். கடைசிக் கோட்டையைத் தாண்டிப் பீரங்கிக்கு எட்டாத தூரம் போனதும் நேரே வடக்குத் தரப்பின் போர்க்கப்பல்களை நோக்கி விட்டார். அவர்கள் எதிரிக் கப்பல் என்று சுடத் தயாரானபோது, ஸ்மால்ஸின் மனைவி கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடிமரத்தில் ஏற்றினார்கள். கப்பலில் இருந்த பதினாறு பேரும் அந்தக் காலையில் விடுதலை ஆனார்கள். பிற்பாடு அதே கப்பலுக்கு ஸ்மால்ஸ் கேப்டன் ஆனார். தான் அடிமையாகப் பிறந்த வீட்டையே விலைக்கு வாங்கினார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தார். இதில் நான் எதையும் கூட்டவில்லை.

நம் நாட்டிலேயே ஒருவர் வேண்டுமென்றால் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் சுமார் 1548-ல் பிறந்து, சின்ன வயதில் விற்கப்பட்டு, பாக்தாத் வழியாகத் தக்காணத்துக்கு வந்தவர். அகமதுநகரில் அவரை வாங்கிய முதலமைச்சரே ஒரு காலத்தில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர். எஜமான் இறந்தபிறகு விடுதலையாகி, கூலிப்படை வீரராகச் சுற்றி, கடைசியில் அந்த ராஜ்ஜியத்தையே தாங்கிப் பிடித்தார். 1600-ல் அக்பரின் படை அகமதுநகர்க் கோட்டையைப் பிடித்துவிட்டது. அம்பர் வேறொரு இளவரசரை அரியணையில் ஏற்றி, 1626-ல் சாகும்வரை முகலாயர்களைத் தக்காணத்தில் நிம்மதியாக இருக்கவிடவில்லை. மலை இடுக்கில் மறைந்திருந்து பாய்ந்து அடித்துவிட்டுக் காணாமல் போகும் முறையில் கைதேர்ந்தவர். சிவாஜியின் தாத்தா மாலோஜியும் அப்பா ஷாஜியும் அந்த அகமதுநகர் அரசில் வேலை பார்த்தவர்கள்தான். பின்னாளில் ஔரங்காபாத் என்று ஆன ஊரை, கட்கி என்ற பெயரில் உண்டாக்கியவர் அவர். தூரத்துத் தண்ணீரைத் தரைக்கடியில் வாய்க்கால் வெட்டி ஊருக்குள் கொண்டுவந்தார்.

ஜஹாங்கீருக்கு அவர்மேல் எவ்வளவு எரிச்சல் என்றால், அரசவை ஓவியர் அபுல் ஹசனின் படம் ஒன்றில், பேரரசர் பூமி உருண்டைமேல் ஏறி நின்று, ஈட்டி முனையில் குத்திவைத்த அம்பரின் தலைமேல் அம்பு விடுகிறார். நிஜத்தில் அந்தத் தலை கடைசிவரை அம்பரின் கழுத்தில்தான் இருந்தது. படத்தைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். தோற்கடிக்க முடியாத ஒருவரைப் படத்தில் கொன்றிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குச் சட்டென்று புரியும். என் வகுப்பில் புரிந்தது.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம் என்பதையும் சொல்கிறேன். அடிமையாக வாங்கப்பட்ட ஆப்பிரிக்க வீரர்கள் அவர் படையிலும் இருந்தார்கள். நல்லவர் வேஷம் மட்டும் கொடுத்தால் அதுவும் மூட்டை தூக்க வைப்பது போலத்தான், மனிதராக விடமாட்டேன் என்கிறோம்.


வரலாறு பிடிக்கும்:

நான் கேட்பதைத் தப்பாக எடுக்காதீர்கள். அம்பர், ஸ்மால்ஸ் எல்லாம் சரி, நடந்த கதை. ஆனால் இப்போது வருகிற புத்தகங்கள், தொடர்களில் அந்தக் காலத்து இங்கிலாந்து அரண்மனை, கப்பல் என்று எங்கே பார்த்தாலும் கறுப்பினத்தவரைச் சேர்க்கிறார்கள். இல்லாதவர்களை இருந்ததாகக் காட்டினால் பிள்ளைகள் அதைத்தானே வரலாறு என்று நினைப்பார்கள்? வரலாற்றுக் கதைக்கு உண்மை முக்கியம் இல்லையா?


காசிமேட்டு வாசகி:

சகோ, நியாயமான கேள்வி. உண்மை முக்கியம் என்பதால்தான் நான் இங்கே வந்து கேட்டேன். கற்பனை அரண்மனை பற்றி எனக்கு அக்கறை இல்லை. ஆனால் இல்லாதவர்கள் என்று யாரைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுவோம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி ராஜாவின் அவையில் ஜான் பிளாங்க் என்கிற கறுப்பின எக்காள வாத்தியக்காரர் இருந்தார். 1511-ல் நடந்த வீர விளையாட்டுக்கு வரைந்த நீண்ட சுருள் ஓவியத்தில் தலைப்பாகையோடு குதிரைமேல் இருக்கிறார். லண்டனில் நெல்சன் தூண் இருக்கிறதே, அதன் அடியில் நெல்சன் செத்துப்போன டிரஃபால்கர் கடற்சண்டையைக் காட்டும் வெண்கலப் பலகையில் துப்பாக்கியோடு ஒரு கறுப்பின மாலுமி நிற்கிறார். அந்தச் சண்டை நடந்து அரை நூற்றாண்டுக்குள் செய்த பலகை அது. வெண்கலத்தில் வார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கதைப்புத்தகம் எழுதியவர்கள்தான் எடுத்துவிட்டார்கள்.

நீக்கியதைத் திரும்ப வைத்தால் அது புதிதாகச் சேர்த்தது போலத் தெரிகிறது. எனக்கும் முதலில் கண்ணுக்குப் பழகவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

வாத்தியார் ஐயா, ஸ்மால்ஸ் கதைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கேப்டன் தொப்பி! சங்கு ஊதுகிற இடத்தில் எங்கள் மாடி எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிகிறது.


தண்டையார்பேட்டை வாத்தியார்:

தம்பி கேட்டதற்கு இன்னும் கொஞ்சம். 1965-ல் அமெரிக்காவில் நான்சி லாரிக் என்கிற கல்வியாளர், அதற்கு முந்தைய மூன்று வருஷங்களில் வந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். படத்திலோ எழுத்திலோ ஒரு கறுப்பினத்தவராவது வருகிற புத்தகம் நூற்றுக்கு ஏழுகூட இல்லை. கறுப்பினப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் பள்ளிக்குப் போகிற நாட்டில்! அவருக்கு அந்த வேலையைத் தொடங்கத் தூண்டியதே, புத்தகத்தில் எப்போதும் ஏன் வெள்ளைப் பிள்ளைகளே வருகிறார்கள் என்று ஐந்து வயதுக் குழந்தை ஒன்று கேட்ட கேள்வி. ஆக, உண்மையைக் கெடுத்தது எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

லண்டனை விடுங்கள். நம் ஊருக்கே வருவோம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். படையைக் கொண்டுவந்தவர் லாபூர்தொனே, மொரீஷியஸின் கவர்னர். அவருடைய கப்பல்களில் ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் வந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இவர்கள் வருகிறார்கள். பிற்பாடு ஆங்கிலேயக் கம்பெனியும் மடகாஸ்கர்ப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சென்னைப் படையில் வைத்தது. அந்தக் கோட்டை விழுந்த கதையில் நமக்கு எப்போதும் சொல்லப்படுவது, ராபர்ட் கிளைவ் என்கிற இளம் குமாஸ்தா மாறுவேடம் போட்டுத் தப்பினான் என்பதுதான். கடற்கரையில் இறங்கிய ஆப்பிரிக்க வீரன் எந்த ஊர்க்காரன், அவனை யார் விற்றார்கள், கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த நம் நெசவாளியையும் படகுக்காரனையும் அவன் எப்படிப் பார்த்தான், அவனை நம்மாள் எப்படிப் பார்த்தான், இதை யாரும் எழுதவில்லை. அலையில் கப்பலிலிருந்து கரைக்கு ஆளை இறக்கியது நம்ம மசூலாப் படகுக்காரர்கள்தானே.

அன்று நம் சனங்கள் குடியிருந்த, ஆங்கிலேயர்கள் கறுப்பர் பட்டணம் என்று சொன்ன பகுதி கோட்டையை ஒட்டி, இப்போது ஹைகோர்ட் நிற்கிற மைதானத்தில் இருந்தது. முதலில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். அப்புறம் ஆங்கிலேயர்கள் பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்று மிச்சத்தையும் இடித்தார்கள். குடிகள் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் நகர்ந்தார்கள். உங்கள் பிள்ளைகள் காசிமேட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய இடம்.


எண்ணூர் கப்பல்காரன்:

அக்கா, நான் சரக்குக் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை. இப்போது லீவில் வந்திருக்கிறேன். நான் போன கப்பல்களில் ஒன்றில் சீஃப் ஆபீசர் கானா நாட்டுக்காரர். மலாக்கா நீரிணையில் இரவுக் காவலின்போது அவர் மேலே கப்பலை ஓட்டுகிற அறையில் நின்றால் எங்களுக்குக் கீழே தூக்கம் நிம்மதியாக வரும். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள். கறுப்பின மாலுமி பழைய காலத்தோடு முடிந்துபோன ஆள் இல்லை, இன்றைக்கும் துறைமுகத்துக்கு வந்து போகிறார்.

மேத்யூ ஹென்சன் பெயர் யாரும் சொல்லவில்லையே. 1866-ல் அமெரிக்காவில் பிறந்தவர், சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லை. பன்னிரண்டு வயது வாக்கில் 'கேட்டி ஹைன்ஸ்' என்கிற கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்தக் கப்பலின் கேப்டன்தான் அவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. சீனா, ஜப்பான், ஆப்பிரிக்கா என்று சுற்றினார். அப்புறம் ராபர்ட் பியரியோடு வடதுருவப் பயணங்கள். பனிச்சறுக்கு வண்டி கட்டுவது, நாய்களை ஓட்டுவது, அந்தப் பனிப் பகுதியில் வாழும் இன்யூட் மக்களின் மொழி, எல்லாவற்றிலும் ஹென்சன்தான் கெட்டி. 1909 ஏப்ரலில் துருவத்தை அடைந்துவிட்டோம் என்று அறிவித்த குழுவில் பியரி, ஹென்சன், நான்கு இன்யூட் ஆட்கள். சரியாக அந்தப் புள்ளிக்கே போனார்களா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் பெருமை முழுக்க அப்போது பியரிக்குத்தான் போனது. ஹென்சன் நியூயார்க் சுங்க அலுவலகத்தில் சாதாரண வேலைக்குப் போனார். அந்த நான்கு பேரின் பெயரும் பதிவில் இருக்கிறது: ஊட்டா, எகிங்வா, சீக்ளூ, ஊகியா. உங்கள் மாடியில் அந்தப் பெண் கேட்டால் சொல்லத் தயாராக இருங்கள்.

கொச்சியில் கப்பலேறப் போனபோது மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன மேடையைப் பார்த்தேன். காப்பிரி முத்தப்பன். சுருட்டும் கள்ளும் முட்டையும் வைத்துக் கும்பிடுகிறார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, ஓடிப்போன போர்ச்சுகீசியர்கள் புதையலைச் சுவரில் புதைத்து, காவலுக்கு ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று கூடவே புதைத்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். இன்றைக்கும் வழி தவறினவனுக்கு அவர்தான் வழிகாட்டுவாராம். புதையல் கதை வேண்டும் என்றால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இந்தத் தடவை, புதைக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்.


கோடும் மையும்:

நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள், பெரம்பூர். அக்கா சொன்ன அந்த நடுப்பக்கப் படம் என்னைத் தூங்கவிடவில்லை. தொழில் தெரிந்தவளாக ஒன்று சொல்கிறேன். கறுப்புத் தோலை வரைவது கஷ்டம், அச்சில் அப்பிவிடும் என்பது எங்கள் பக்கம் ரொம்ப நாளாகச் சொல்கிற சாக்கு. மலிவான காகிதத்தில் மை ஊறும், உண்மைதான். அதற்கு வழி இருக்கிறது. முகம் முழுக்க மையை நிரப்பாமல், வெளிச்சம் படும் இடங்களைக் காகிதமாகவே விட்டுவிட வேண்டும். நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, கீழுதடு. நிழல் விழும் பக்கம் மட்டும் நெருக்கமான கோடுகள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு தாடை, வேறு வேறு முடி. மாலிக் அம்பரை அவர் காலத்திலேயே நம் நாட்டு ஓவியர்கள் எத்தனை அழகாக வரைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: ஜாமா என்கிற நீண்ட வெள்ளை அங்கி, இடுப்பில் வாள், பக்கவாட்டில் திரும்பிய முகம், தொந்தி, வயதான கண். நானூறு வருஷத்துக்கு முன்னால் தூரிகையால் முடிந்தது, இன்றைக்குக் கணினியில் முடியாதா?

அக்கா, நீங்கள் சொல்லப்போகிற ஸ்மால்ஸ் கதைக்கு நான் பெரிய சார்ட்டில் படம் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம். கப்பலில் இருந்த பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தே வரைவேன்.


காசிமேட்டு வாசகி:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

இந்தச் சனிக்கிழமை ராபர்ட் ஸ்மால்ஸ். பெரம்பூர் தங்கை, சார்ட் வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்த வாரம் ஹென்சன், கப்பலில் சேர்ந்த வயதிலிருந்து ஆரம்பிப்பேன். அம்பர் பெரிய கதை, நாலைந்து வாரத்துக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும். காப்பிரி முத்தப்பனை, பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சுவருக்குள்ளே இருப்பவர் பேசுவதாக.

பழைய புத்தகங்களைத் தூக்கிப்போடப் போவதில்லை. சுருக்கத்தில் விட்டதைச் சேர்த்தே வாசிப்பேன். குரூசோ எதற்காகக் கப்பலேறினான் என்று சொல்லிவிட்டுத்தான் தீவுக்குப் போவோம். சூரியைக் காசுக்குக் கொடுத்த இடத்தையும் முழுதாக வாசிப்பேன், அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவர்களே பேசட்டும். பழைய மொழிபெயர்ப்புகளில் உள்ள வசைச் சொற்களை வாய்விட்டு வாசிக்கப்போவதில்லை. அப்படி எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "நாங்களும் கறுப்புதான்க்கா, அப்போ இது எங்க கதை" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த ஒட்டுதலை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அட்லாண்டிக்கைக் கடந்து விற்கப்பட்டவர்களின் கதை அவர்களுடையது, அதை நம்முடையதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கும் சொந்தமாக ஒன்று இருக்கிறது. எண்ணூரைத் தாண்டினால் பழவேற்காடு. அங்கே கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரர்கள் 1600-களில், பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் கரையோர மக்களைக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக அனுப்பினார்கள். அந்தக் கப்பலில் போன பழவேற்காட்டுப் பெண்ணைப் பற்றியும் சாகசக் கதை எதுவும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் பிள்ளைகள் தாங்களாகவே சேர்த்துப் பார்ப்பார்கள்.

வாத்தியார் ஐயா, ஹைகோர்ட் மைதானப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் நீங்கள் வந்து 1746 கதையைச் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் கூட்டம் இருக்காது. இருபது பிள்ளைகள் வருவார்கள், இரண்டு அம்மாக்களும் துணைக்கு வருகிறோம் என்கிறார்கள். அப்புறம் மூர் மார்க்கெட் அண்ணன், உங்களிடம் 1965-க்கு முந்தைய மாண்ட்ரேக் கதையும் பிந்தையதும் ஒவ்வொன்று இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள். லொதார் படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். உறை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.